அண்ணன் வீட்டுப் படியில் போட்ட சிவப்புக் குறி

எங்கள் ஆபீஸில் எனக்கு ஓவர்சீயரம்மா என்று பெயர். பாலிடெக்னிக்கில் சிவில் படித்து, நகராட்சியில் பணி மேற்பார்வையாளராகச் சேர்ந்து, ரோடு, வாய்க்கால், கக்கூஸ், சுடுகாட்டுக் கொட்டகை என்று எல்லாவற்றுக்கும் டேப் பிடித்தே பாதி ஆயுள் போய்விட்டது. எந்த ஊர் நகராட்சி என்று சொல்லப் போவதில்லை. அருப்புக்கோட்டையில் பஸ் ஏறிக் கண் அசந்தால் யாராவது எழுப்பிவிட வேண்டிய தூரத்தில் இருக்கிற ஊர், அவ்வளவு போதும். அதற்கு மேல் சொன்னால் மெமோ வரும். ஏற்கெனவே மூன்று வாங்கி வைத்திருக்கிறேன்.

ஆபீஸில் வேலை பார்க்கிறவள் கையில் ஊரே இருக்கிறது என்று ஜனங்களுக்கு ஒரு நினைப்பு. ரேஷன் கார்டுக்கும் என்னிடம் வருவார்கள், ஆஸ்பத்திரிச் சீட்டுக்கும் என்னிடம் வருவார்கள். அந்த நினைப்பு முற்றிப் போனவர் என் அண்ணன்.

அண்ணன் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். எம்.ரெட்டியபட்டிக்கும் எங்கள் ஊருக்கும் ஒரு நாளைக்கு ஏழெட்டு நடை. எங்கள் அப்பாவும் அம்மாவும் பரளச்சிப் பக்கம் அடுத்தவர் காட்டில் பருத்தி எடுத்து, கம்பு அறுத்து எங்களை ஆளாக்கினவர்கள். எங்கள் கூட்டத்தில் முதன்முதலாகக் காங்கிரீட் போட்டு வீடு கட்டியது அண்ணன்தான். ஊருக்குள் மனை வாங்கக் கட்டுப்படியாகவில்லை. அதனால் தென்கோடித் தெருவில், நடுவில் பள்ளமாக இறங்கும் இடத்தில் வாங்கினார். மழை பெய்தால் மேல்தெருத் தண்ணீர் அத்தனையும் அங்கே வந்து வாசல் படியைத் தொட்டுக்கொண்டு நிற்கும். ஒரு நாள் பொறுத்தால் பக்கத்துப் பொட்டலில் பரவி வடிந்துவிடும். மதினி முன்னறையில் மிஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறவர். அந்த ஒரு நாளும் மிஷினைத் தூக்கிக் கட்டிலில் வைத்துவிட்டு என்னைத்தான் திட்டுவார்.

"ஆபீஸ்ல இருக்கேன் இருக்கேங்கற. ஒரு வாய்க்கா கொண்டாரத் துப்பில்ல."

அண்ணன் மட்டும் திட்டமாட்டார். "அவ பாத்துக்கிருவா, விடு" என்பார். அதுதான் எனக்குப் பெரிய இம்சை. வருஷா வருஷம் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிக்கொண்டு வந்தது. மேல்தெருவில் வீடுகள் பெருகப் பெருக, மண்ணுக்குள் இறங்க வேண்டிய தண்ணீர் எல்லாம் சிமெண்டில் வழுக்கி அண்ணன் வாசலுக்கு வந்தது. வாய்க்கால் வந்தால் அந்த வீட்டில் இருக்கலாம், வராவிட்டால் வீட்டை விட வேண்டியதுதான் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. யாரும் வாயைத் திறந்து சொன்னதில்லை.

அப்படியிருக்க, ஒரு தை மாதம், ஊர் முழுவதற்கும் மழைநீர் வாய்க்கால் என்று அரசாங்கத்திலிருந்து திட்டம் வந்தது. பட்டியலில் அண்ணன் தெரு முதலாவதாக இருந்தது. நான்தான் முதலாவதாக எழுதினேன். அதில் எனக்கு வெட்கமில்லை.

வாய்க்காலை வரைய எங்களுக்கே தெரியும் என்று நீங்கள் நினைக்கலாம். தெரியும்தான். ஆனால் பெரிய திட்டம் என்றால் கன்சல்டன்ட் வைத்துத்தான் வரைய வேண்டும், அது விதி. கன்சல்டன்டை எப்படிப் பிடிப்பது? டெண்டர் போட்டு. அவர்கள் இரண்டு கவர் தர வேண்டும். ஒன்றில் அவர்களுடைய அருமை பெருமை, இன்னொன்றில் அவர்கள் கேட்கும் கூலி. இப்போது எல்லாம் கம்ப்யூட்டரில்தான், கவரும் இல்லை, அரக்கும் இல்லை. ஆனாலும் கவர் பிரிக்கிறது என்றுதான் சொல்வோம், ராகு காலம் தள்ளித்தான் பிரிப்போம்.

முதல் கவருக்கு மார்க் உண்டு. இதே மாதிரி வேலை எத்தனை முடித்திருக்கிறார்கள், அதற்குச் சர்டிபிகேட் இருக்கிறதா, எத்தனை நிபுணர்கள் வைத்திருக்கிறார்கள் என்று பள்ளிக்கூடம் மாதிரி மார்க். பாஸானவர்களின் கூலிக் கவரை மட்டும் பிரிப்போம். கமிஷனரும் எங்கள் இன்ஜினியர் சாரும் கையெழுத்துப் போடுவார்கள். மார்க்கைக் கூட்டிப் பட்டியல் தயார் பண்ணுவது நான். எங்கள் ஊர் மண் எப்படி, மழை எப்படி, தண்ணீர் எந்தப் பக்கம் போகும், இதெல்லாம் தெரியுமா என்று கேட்டு மார்க் போட அந்தப் பட்டியலில் இடமே கிடையாது.

மூன்று பேர் போட்டிருந்தார்கள். இரண்டு, மெட்ராஸ் கம்பெனிகள். மூன்றாவது ஆள் எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டு பக்கம் பிளான் போடுகிற தம்பி. பாலிடெக்னிக்கில் எனக்கு இரண்டு வருஷம் ஜூனியர், இன்றைக்கும் அக்கா என்றுதான் கூப்பிடுவார். ஊரில் முக்கால்வாசி வீட்டுக்கு அவர்தான் பிளான். எந்தச் சந்தில் தண்ணீர் நிற்கும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். ஆனால் இதே மாதிரி வாய்க்கால் வேலை மூன்று முடித்ததற்குச் சர்டிபிகேட் வேண்டுமே. முதல் வேலையே கிடைக்காதவன் மூன்று வேலைக்கு எங்கே போவான்? முட்டை போட்டேன். என் கையால்தான் போட்டேன்.

மெட்ராஸ் கம்பெனி இரண்டும் கொடுத்திருந்த நிபுணர் பட்டியலைப் புரட்டினால், இரண்டிலும் ஒரே வெள்ள நிபுணர்! ஒரு போட்டோவில் மீசை இருந்தது, இன்னொன்றில் இல்லை. படிப்பு, அனுபவம், பிறந்த தேதி எல்லாம் ஒன்றே. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சார் அறைக்கு எடுத்துக்கொண்டு ஓடினேன்.

அவர் பார்த்தார். அவருக்கும் சிரிப்புதான். "ஏம்மா, இதக் கிளப்புனா ரெண்டு பேரையும் தள்ளணும். அப்புறம் மறு டெண்டர். அதுக்குள்ள திட்டம் வேற ஊருக்குப் போயிரும். பரவால்லையா?"

அண்ணன் வாசல் என் கண் முன்னால் வந்து நின்றது. "வேணாம் சார்" என்று சொல்லிவிட்டு வந்து இரண்டு பேருக்கும் நிபுணர் மார்க்கை முழுசாகப் போட்டேன். கூலி குறைவாகக் கேட்டிருந்த கம்பெனிக்கு வேலை போனது. அந்த நிபுணரை, மீசையோடும் சரி, மீசை இல்லாமலும் சரி, நாங்கள் கடைசிவரை பார்க்கவில்லை.

வந்தவர் ஒரு சர்வேயர். கம்பெனியின் ஆள்கூட இல்லை, தினக்கூலிக்கு அமர்த்தப்பட்டவர், நாற்பது வயசிருக்கும். முக்காலியில் கருவியை நிறுத்திக்கொண்டு, பங்குனி வெயிலில் தலையில் துண்டைப் போட்டபடி நல்ல மனுஷராக வேலை பார்த்தார். தெருவின் மேடு பள்ளத்தை அளக்க வேண்டுமானால் முதலில் அசையாத ஓர் இடம் வேண்டும். அதை நூறு என்று வைத்துக்கொண்டு, மற்ற இடமெல்லாம் அதைவிட எவ்வளவு தாழ்வு, எவ்வளவு உயர்வு என்று எழுதிக்கொண்டே போவார்கள்.

"மேடம், தெருவோட நடுப்பக்கமா நல்லா கெட்டியா, அசையாத எடமா ஒண்ணு காட்டுங்க. குறி போட்டுக்கிறேன்" என்றார்.

நான் கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. அண்ணன் வீட்டுப் படியைக் காட்டினேன். அப்போதுதான் கிரானைட் ஒட்டியிருந்தார்கள், தெருவிலேயே கெட்டியான படி அதுதான். எங்கள் வீட்டுப் படியை வைத்து ஊர் வாய்க்காலை அளக்கப் போகிறார்கள் என்று எனக்கு ஒரு பெருமை வேறு. சர்வேயர் சிவப்புப் பெயிண்டில் முக்கோணம் போட்டு எண் எழுதினார். மதினி ஆளுக்கொரு கலர் பாட்டில் வாங்கிக் கொடுத்தார். "இனிமே இத மிதிக்காம தாண்டித்தான் வரணும்" என்று அண்ணன் அன்று சாயங்காலமே எல்லோருக்கும் உத்தரவு போட்டாராம்.

மேல்பாதித் தெருவை அளந்து முடித்ததும் வேலை நின்றுபோனது. சர்வேயருக்குக் கம்பெனி கூலி தரவில்லை, அவர் வேறு ஊருக்குப் போய்விட்டார். நான் போன் போட்டுப் போட்டு அலுத்தேன். "அடுத்த வாரம் மேடம்" என்றே ஏழெட்டு மாதத்தை ஓட்டினார்கள். ஒரு வழியாக அதே சர்வேயர் கார்த்திகை மாதம் திரும்பி வந்தார். அந்த வருஷம் ஐப்பசியில் நல்ல மழை. கரிசல் மண் குடித்துக் குடித்து ஊறிக் கிடந்தது. அவர் அதே படியில் அதே குறியில் அளவுகோலை வைத்தார், அதே நூறு என்று எழுதிக்கொண்டார். அங்கிருந்து கீழ்ப்பாதியை அளந்துகொண்டே போய், தெரு முடிகிற இடத்தில் இருக்கும் சிறு பாலம் வரைக்கும் முடித்தார். அந்தப் பாலத்துக்கு அடியில் போய்த்தான் தண்ணீர் கண்மாய்க்குப் போக வேண்டும். பாலம் நெடுஞ்சாலைக்காரர்களுடையது.

ரிப்போர்ட் வந்தது. தலையணை கனம், வழவழப்பான தாள், கலர் படம். முதல் பக்கத்தில் எங்கள் ஊர்க் கோயில் கோபுரம் என்று வேறு ஏதோ ஊர்க் கோபுரத்தைப் போட்டிருந்தார்கள். கணக்கு அத்தனையும் சரி. வெளியூரிலிருந்து ஒரு பேராசிரியர் கணக்கைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டார். அவரும் தாளைப் பார்த்தார், மண்ணைப் பார்க்கவில்லை. மேலிடத்தில் ஒப்புதல், டெண்டர், காண்ட்ராக்டர் என்று எல்லாம் நடந்து, அடுத்த வருஷம் முடிந்து மறுபடியும் தை பிறந்தபோது தெருவில் சுண்ணாம்புக் கோடு போட ஆரம்பித்தோம்.

அந்த வழியாக பைக்கில் போன பிளான் தம்பி வண்டியை நிறுத்தினார். முட்டை வாங்கின கோபமெல்லாம் அவருக்கு இல்லை. படத்தை வாங்கி பைக் சீட்டில் விரித்துப் பார்த்தார்.

"அக்கா, குறி எங்க வச்சாக?"

"எங்க அண்ணன் வீட்டுப் படியில."

"எப்ப அளந்தாக?"

"பாதி பங்குனியில, பாதி கார்த்திகையில."

அவர் படத்தை மடித்து என்னிடம் கொடுத்தார். பிறகு, "அக்கா, அந்த வீட்டு இரும்பு கேட்டு மழைக்காலத்துல தொறக்குமா?" என்று கேட்டார்.

அந்த கேட் ஐப்பசியில் திறக்காது. படியில் உரசி நின்றுகொள்ளும். அண்ணன் காலால் எத்தி எத்தித் திறப்பார். சித்திரையில் அதே கேட்டுக்கு அடியில் பூனை நுழைந்து போகும். எங்கள் ஊர்க் கரிசல் மழைக்கு ஊதும், வெயிலுக்குச் சுருங்கும். அஸ்திவாரம் ஆழமாகப் போட்ட சுவர் நிற்கும். தரையில் சும்மா வைத்த படிக்கு ஏது அஸ்திவாரம்? மண்ணோடு ஏறும், மண்ணோடு இறங்கும். இது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கதவு இறுகினால் மழை சரியாகப் பிடித்திருக்கிறது என்று பேசிக்கொள்கிற ஜனங்கள் நாங்கள். பிறந்ததிலிருந்து தெரிந்து வைத்திருந்ததாலேயே அது எனக்குத் தோன்றவில்லை. அசையாத இடம் எது என்று கேட்டவனுக்கு, வருஷத்துக்கு ஒரு தடவை ஏறி இறங்குகிற படியைக் காட்டியிருக்கிறேன். பாவி நான்!

ஞாயிற்றுக்கிழமை காலையில் நானும் அவரும் கொத்தனார் வைத்திருக்கும் டியூபை எடுத்துக்கொண்டு போனோம். கண்ணாடி மாதிரி இருக்கும் ரப்பர் குழாய், உள்ளே தண்ணீர் நிரப்பியிருக்கும். இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும், பொய் சொல்லாது. மேல்முனையில் இருக்கிற குடிநீர்த் தொட்டியின் தூணிலிருந்து ஆரம்பித்தோம். அது பாறைவரை தோண்டிக் கட்டினது, அசையாது. அங்கிருந்து இருபதடி இருபதடியாகப் பாலம் வரைக்கும் வந்து, கூட்டிக் கழித்து, படத்தில் இருக்கிற எண்ணோடு ஒப்பிட்டோம். சந்தேகம் தீர இன்னொரு தடவை அளந்தோம். பாலத்தின் அடித்தளம் படத்தில் காட்டியதைவிட மூன்று விரல் உயரத்தில் இருந்தது.

மூன்று விரல்தானே என்று தோன்றும். எங்கள் ஊர் தட்டையான பூமி. கீழ்ப்பாதி வாய்க்காலில் தண்ணீர் ஓட வைத்திருந்த சரிவே மொத்தம் மூன்று விரலுக்குக் கொஞ்சம் குறைவு. அதாவது, மேல்பாதியில் தண்ணீர் நன்றாக ஓடி வரும். வந்து அண்ணன் வீட்டு வாசலில் நிற்கும். அதற்கு மேல் போகாது.

திங்கட்கிழமை விடிந்ததும் குறிப்பு எழுதி எடுத்துக்கொண்டு சாரிடம் போனேன். சார் மோசமான ஆள் இல்லை. பொறுமையாக முழுசும் படித்தார்.

"இந்த எடத்த யாரும்மா காட்டுனது?"

"நான்தான் சார்."

"ஒப்பந்தத்துல ஒரு வரி இருக்கு, படிச்சியா?" என்று பைலைத் திருப்பி வைத்தார். அளவுக்கான குறியிடத்தை அலுவலகம் காட்டும், அதன் சரி தப்புக்குக் கன்சல்டன்ட் பொறுப்பில்லை என்று இருந்தது. அந்தத் தாளை டைப் அடித்ததும் நான்தான். பழைய ஒப்பந்தம் ஒன்றைப் பார்த்து அப்படியே அடித்தது.

"அவுகளுக்குக் கடுதாசி போடுறேன் சார்."

"போடு."

போட்டேன். பதில் சீக்கிரமே வந்தது, அதில் குறை சொல்ல முடியாது. தங்கள் அலுவலகம் காட்டிய குறியை நம்பி அளந்தோம், கணக்கு பேராசிரியரால் சரிபார்க்கப்பட்டது, மறுபடி அளந்து வரைய வேண்டுமென்றால் தனிக் கட்டணம், இப்படிக்கு. தனிக் கட்டணத்துக்கு மேலிட ஒப்புதல் வேண்டும். ஒப்புதலுக்கு, தப்பு யாருடையது என்று அறிக்கை வேண்டும். அதற்குள் மார்ச் முடிந்துவிடும், முடிந்தால் பணம் திரும்பிப் போகும். நெடுஞ்சாலைக்காரர்களிடம் ஓடினேன், பாலத்தின் தளத்தைக் கொஞ்சம் கொத்தித் தாழ்த்தலாமா என்று. "எங்க பாலத்துல எங்கம்மா குறை?" என்று கேட்டார்கள். நியாயம்தானே? பாலத்தில் ஒரு குறையும் இல்லை.

காண்ட்ராக்டரிடம் சண்டை போட்டேன். "படத்துல இருக்கறபடிதான் கட்டுவேன் மேடம், மாத்திக் கட்டுனா பில்லு பாஸாகாது" என்றார் அவர். வாரக் கூட்டத்தில் கமிஷனர் முன்னால் எழுந்து நின்று, "இது ஓடாது சார், தண்ணி நிக்கும்" என்று கத்தினேன். சபையில் கத்தக் கூடாது என்று ஒரு மெமோ. மேலே சொன்ன மூன்றில் அது ஒன்று. அதற்கப்புறம் எனக்கு யாரிடம் போவது என்று தெரியவில்லை. எல்லோரும் அவரவர் தாளில் இருப்பதைச் சரியாகத்தான் செய்துகொண்டிருந்தார்கள்.

பங்குனிப் பாதியில், மார்ச் தாண்டுவதற்குள் வாய்க்கால் முடிந்தது. பார்க்க லட்சணமாக இருந்தது. இரண்டு பக்கமும் தெருவைவிட உயரமாகச் சுவர், மேலே சிமெண்டு மூடி. பொட்டல் பக்கம் தண்ணீர் வடிகிற வழி அதோடு அடைபட்டுப்போனது. அண்ணன் எனக்கு அருப்புக்கோட்டையிலிருந்து ஒரு கிலோ மிக்சரும் அல்வாவும் வாங்கிக்கொண்டு வந்தார். "சொன்னேன்ல, என் தங்கச்சி பாத்துக்கிருவான்னு" என்று மதினியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த அல்வாவைப் பிரிக்காமல் அப்படியே அலமாரியில் வைத்துவிட்டேன். சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மழை குறைவாகப் பெய்து தப்பிவிடாதா என்று ஓர் அற்ப ஆசை. வானம் பார்த்த பூமியில் பிறந்து, மழை வேண்டாம் என்று வேண்டிக்கொண்டேன்.

மெட்ராஸ் கம்பெனியின் கடைசி பில் பாஸாக, வேலை திருப்திகரமாக முடிந்தது என்று நாங்கள் சர்டிபிகேட் தர வேண்டும். அதற்கும் தயாராக ஒரு மாதிரித் தாள் இருக்கிறது. டைப் அடித்தேன், சார் கையெழுத்துப் போட்டார். நான் அடிக்கவில்லை என்றால் பக்கத்து மேஜை அடித்திருக்கும். இப்படிச் சொல்லித்தான் என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். அப்போதும் சமாதானமாகவில்லை, இப்போதும் ஆகவில்லை.

ஐப்பசி இரண்டாவது வாரம் ஒரு மத்தியானம் பிடித்த மழை, ஆபீஸ் விடுகிற நேரம் வரை விடவில்லை. குடையைக்கூட விரிக்காமல் ஓடினேன். மேல்தெருத் தண்ணீர் வாய்க்காலில் ஜோராக ஓடி வந்து, அண்ணன் வாசலில் மூடிகளைத் தூக்கிக்கொண்டு கொப்பளித்தது. முன்பெல்லாம் படியைத் தொட்டு நின்ற தண்ணீர், இந்தத் தடவை படியை முழுங்கி, முன்னறைக்குள் முழங்கால் வரைக்கும் நின்றது. சாக்கடை நாற்றம். அண்ணனும் மதினியும் கட்டில்மேல் கட்டில் போட்டு மிஷினை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மற்றவர்கள் தைக்கக் கொடுத்த துணியெல்லாம் தண்ணீரில் சுற்றிச் சுற்றி வந்தது.

தண்ணீர் நான்கு நாள் நின்றது. இரண்டாம் நாள், அந்தத் தண்ணீருக்குள் நின்றுகொண்டே அண்ணனிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். படி, குறி, கடுதாசி, மெமோ, எல்லாம். அழுதேன். அவர் வாளியால் தண்ணீரை இறைப்பதை நிறுத்தவில்லை.

"நீ நல்லதுக்குத்தான காட்டுன" என்றார். "எனக்கே அந்த கேட்ட எத்தும்போது ஒறைக்கலையேத்தா."

நாலு அறை விட்டிருந்தால் தேவலை.

மழை விட்டதும் பத்திரிகையில் போட்டோ வந்தது. கவுன்சில் கூட்டத்தில் கூச்சல். குறைகளைச் சரிசெய்யப் புதுத் திட்டம் என்று அறிவித்தார்கள். அதற்கு வரைபடம் வேண்டும். வரைபடத்துக்குக் கன்சல்டன்ட் வேண்டும். மார்கழியில் மறுபடியும் கவர் பிரித்தோம். பிளான் தம்பி இந்தத் தடவை டெண்டரே போடவில்லை. வந்த இரண்டு கம்பெனியில் ஒன்று பழைய கம்பெனிதான். இதே மாதிரி வேலை முடித்ததற்குச் சர்டிபிகேட் வைத்திருந்தார்கள். விரித்துப் பார்த்தால், நான் டைப் அடித்தது. அதே ஊர், அதே தெரு, திருப்திகரம், கையெழுத்து, முத்திரை. இதே நகராட்சியில் முன்பு வேலை பார்த்த அனுபவத்துக்குக் கூடுதலாக இரண்டு மார்க் என்று இந்தத் தடவை ஒரு வரி புதிதாகச் சேர்ந்திருந்தது.

பைலைத் தூக்கிக்கொண்டு சாரிடம் போனேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். "அந்த சர்டிபிகேட் பொய்யின்னு எழுதுறியா? எழுது. அப்ப அதுல கையெழுத்துப் போட்ட நானும், டைப் அடிச்ச நீயும் சேர்ந்து வீட்டுக்குப் போவோம்" என்றார். குரலில் கோபம்கூட இல்லை. திரும்பி வந்து உட்கார்ந்தேன். மார்க் போட்டேன். முழுசாக. கூடுதல் இரண்டையும் சேர்த்து.

மறுநாள் காலையில் அண்ணன் வீட்டுக்குப் போனேன். சுவரில் தண்ணீர் நின்ற கோடு இன்னும் மறையவில்லை. அண்ணன் சட்டை போட்டுக்கொண்டு முதல் ஆட்டோ நடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"டெண்டர் யாருக்கு ஆச்சு?" என்று கேட்டார்.

"போன தடவ வந்தவுகளுக்கேதாண்ணே."

அவர் உள்ளே போய் ஒரு அட்டையும் மார்க்கர் பேனாவும் எடுத்துக்கொண்டு வந்து என் மடியில் வைத்தார். மதினி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர்களுக்குள் முன்னாலேயே பேசி முடிவாகியிருக்கிறது என்று தெரிந்தது.

"வீடு விற்பனைக்குன்னு பெருசா எழுது. எனக்கு எழுத்து கோணும். கீழ ஒன் நம்பரப் போடு."

"என் நம்பர் எதுக்குண்ணே? ஒங்க நம்பரப் போடுவோம்."

"வாங்க வாரவுக தண்ணி நிக்குமான்னுதான் மொதல்ல கேப்பாக. நான் சொன்னா எவன் நம்புவான்? நீ ஆபீஸ்ல இருக்க. நீ நிக்காதுன்னு சொன்னா நம்புவாக." அதில் குத்தல் ஏதும் இல்லை. அண்ணனுக்குக் குத்திப் பேசத் தெரியாது. "எங்களுக்கு இத விட்டா வேற என்னத்தா இருக்கு" என்றார்.

எழுதினேன். நம்பரையும் எழுதினேன்.

மூன்றாம் நாள் ஒரு போன் வந்தது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் பதினைந்து வருஷமாக இருக்கிறாராம், நரிக்குடிப் பக்கத்துக்காரர், ஊர்ப் பக்கம் திரும்பி வந்துவிட வேண்டுமென்று பார்க்கிறாராம். சேர்த்து வைத்ததை எல்லாம் போட்டு வாங்கப் போகிறோம் என்றார். போனில் அவருக்குப் பின்னால் பனியன் மிஷின் சத்தம் கேட்டது.

"நீங்க நகராட்சியிலயே இருக்கீகளாமே. அந்தத் தெருவுல தண்ணி கிண்ணி நிக்குமாம்மா? இந்த வாரமே வந்து ஒரு எட்டு பாத்துட்டுப் போகட்டுமா?"

அண்ணன் வீட்டுச் சுவரில் அந்தக் கோடு இன்னும் அப்படியேதான் இருந்தது. அண்ணன் முகம் வந்தது, முன்பின் பார்க்காத இந்த மனுஷர் முகமும் வந்தது. நிற்கும் என்று சொல்ல வாய் வரவில்லை, நிற்காது என்றும் வரவில்லை.

"இப்ப வேணாங்க" என்றேன். "சித்திரையில வந்து பாருங்க. வீடு நல்லா இருக்கும்."